இடது கால் கோல்

தலையில் அடிபட்ட ஆட்டக்காரனை டாக்டர் சொல்லும்வரை மறுபடி இறக்கக் கூடாது என்று எங்கள் கல்லூரி விளையாட்டு அறையில் இப்போது பெரிய எழுத்தில் ஒட்டியிருக்கிறார்கள். நல்ல காரியம். நான் ஓய்வு பெற்ற பிறகு வந்தது. போன மாதம் அந்தப் பக்கம் போனபோது, என் இடத்தில் இப்போது வேலை பார்க்கும் செல்வம் அதைக் காட்டி, “இது இல்லாதப்ப யாருண்ணே முடிவு பண்ணுவீக?” என்று கேட்டார்.

“பயந்தவன் முடிவு பண்ணுவான்” என்றேன்.

அவர் சிரித்தார். நான் வேடிக்கைக்குச் சொல்லவில்லை. பக்கத்தில் நின்ற இப்போதைய பி.டி. சார், “அதையே கல்லூரி மலருக்கு எழுதிக் கொடுங்களேன்” என்றார். எழுதுகிறேன்.

நான் ஒன்பதாம் வகுப்போடு பள்ளியை விட்டவன். ஓர் இடத்தில் இருப்புக் கொள்ளாது. லாரியில் கிளீனராகப் போனேன். செட்டியார்பட்டிப் பக்கம் தறியில் நின்றேன். குண்டூரில் பஞ்சு பிரஸ்ஸில் மூட்டை தள்ளினேன். அங்கே சாப்பாடு கேட்கவும் சண்டை போடவும் போதுமான தெலுங்கு வந்தது. பிறகு கேரளாவில் மலப்புறம் பக்கம் செவன்ஸ் பந்தாட்டம் நடத்துகிறவர்களோடு சேர்ந்தேன். அறுவடை முடிந்த வயலில் மூங்கில் காலரி கட்டி, ஒரு பக்கத்துக்கு ஏழு பேர் ஆடுவார்கள். எனக்குத் தண்ணீர், ஐஸ், எண்ணெய் தேய்க்கிற வேலை. சாப்பாட்டுக்குப் பஞ்சம் இல்லை, படுக்க இடம்தான் கிடைக்காது. அது எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை.

அங்கே ஷாஜி என்று ஒரு ஆட்டக்காரர். ஒரு ஆட்டத்தில் எதிரியின் தலையும் அவர் தலையும் மோதின. விழுந்தார், எழுந்தார், சிரித்தார், ஆடி முடித்தார். அதே வாரம் வேறு ஊரில் ஆட்டம். தலை கொஞ்சம் கனமாக இருக்கிறது என்று என்னிடம் சொன்னார். எண்ணெய் தேய்த்துவிட்டேன். எங்கள் எல்லாருக்கும் அவ்வளவுதான் தெரியும். அன்றைக்குச் சாதாரணமாக வந்த ஒரு பந்தைத் தலையால் தட்டினார். அவ்வளவுதான். தானாக வெளியே நடந்து வந்து ஜீப்பில் ஏறி, என் பக்கத்தில் உட்கார்ந்து, கண்ணை மூடினார். தூங்குகிறார் என்று நினைத்தேன். பாதையில் ஜீப் குலுங்கியது. தலை கம்பியில் இடித்துவிடக் கூடாதே என்று என் தோளில் சாய்த்துப் பிடித்துக்கொண்டு வந்தேன். ஜங்ஷனில் இறங்கச் சொல்லி எழுப்பும்போதுதான் தெரிந்தது. நல்ல வெயில் நேரம். அவர் கை மட்டும் குளிர்ந்திருந்தது. ஐஸ் பெட்டி மேல் கையை வைத்திருந்ததால்தான் குளிர்ச்சி என்று கொஞ்ச நேரம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அதற்குப் பிறகு கேரளாவில் இருக்க முடியவில்லை. இராஜபாளையம் வந்தேன். தெரிந்தவர் சொல்லி இந்தக் கல்லூரியில் மார்க்கர் வேலை கிடைத்தது. அலைந்தவன் இங்கேதான் நின்றேன்.

மார்க்கர் என்றால் மைதானத்துக்குக் கோடு போடுகிறவன். சுண்ணாம்புத் தூளைச் சலித்து வண்டியில் கொட்டி, கயிறு பிடித்து, கோணாமல் தள்ள வேண்டும். வலை கட்டுவது, பந்துக்குக் காற்றடிப்பது, அடிபட்ட இடத்துக்கு ஐஸ் வைப்பது எல்லாம் அதோடு சேர்ந்தது. எனக்கு மேலே பி.டி. சார், அதாவது உடற்கல்வி இயக்குநர், லாரன்ஸ் சார். தூத்துக்குடிக் கடற்கரைக்காரர். பேச்சு கரடுமுரடாக இருக்கும். அவர் வேலை பார்க்கும் விதம் அப்படி இருக்காது.

ஒருவன் விழுந்தால் லாரன்ஸ் சார் ஓட மாட்டார். நடந்துதான் போவார். “நீ ஓடிப் போனா, அவன் தனக்கு என்னமோ ஆயிட்டுன்னு நெனப்பாம்லே” என்பார். போகிற வழியிலேயே கைக்கடிகாரத்தைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார், அடிபட்டவன் உடம்பில் உரசக் கூடாது என்று. என்னை வெயில் வருகிற பக்கமாக நிற்கச் சொல்வார். என் நிழல் விழுந்தவன் முகத்தில் விழ வேண்டும். அது என் வேலைகளில் ஒன்று. பிறகு குந்தி உட்கார்ந்து, “என்னலே, காலைல என்ன சாப்ட்ட?” என்பார். வலிக்கிறதா என்று ஒரு நாளும் கேட்டதில்லை. ஏன் என்று ஒருமுறை கேட்டேன். “கேட்டா இல்லைன்னுதான் சொல்லுவான். நாமளே எதுக்கு அவனப் பொய் சொல்ல வைக்கணும்?” என்றார்.

கணுக்கால் பிசகியதை மறைத்துக்கொண்டு வருகிறவனிடம், “மாரி அண்ணனுக்கு அந்தப் பந்த எடுத்துக் குடுலே” என்று என்னைக் காட்டுவார். அவன் எந்தக் காலை ஊன்றிக் குனிகிறான் என்று பார்ப்பார். தலையில் பட்டால் மட்டும் விசாரணை நீளும். உட்கார வைத்து, அன்றைய ஆட்டத்தையே கதையாகச் சொல்லச் சொல்வார். யார் டாஸ் ஜெயித்தது, எந்தப் பக்கம் ஆடினோம், கோல் எப்படி விழுந்தது. சொல்கிறவனைப் பார்க்காமல், கண்ணை மூடிக் கேட்பார்.

இனிப் பிரசாத் கதைக்கு வருகிறேன்.

பிரசாத் எங்கள் அணியின் முன்கள ஆட்டக்காரன். கோபி கோல் கீப்பர். கோபியின் தாய்மாமா மகன்தான் பிரசாத். இரண்டு பேர் வீட்டிலும் தெலுங்குதான் பேச்சு. கோபி பிரசாத்தை மச்சான் முறையில் “பாவா” என்றுதான் கூப்பிடுவான். மைதானத்திலும் இருவரும் தெலுங்கிலேயே கத்திக்கொள்வார்கள். எந்தப் பக்கம் பந்து வருகிறது, யார் பின்னால் நிற்கிறான் என்று. வெளியூர் அணிகளுக்குப் புரியாது. லாரன்ஸ் சாருக்கும் புரியாது. ஆனால் அதனால் கோல் விழுகிறது என்று தெரிந்ததும், “எந்தப் பாஷைல வேணும்னாலும் கத்துங்கலே, பந்து உள்ள போனா போதும்” என்று சொல்லிவிட்டார். அதிலிருந்து அவர்கள் இருவரும் ஓயாமல் தெலுங்கில் முணுமுணுப்பது எங்களுக்குக் காக்கைச் சத்தம் மாதிரி ஆகிவிட்டது. யாரும் காது கொடுப்பதில்லை.

அந்த வருஷம் கல்லூரிகளுக்கிடையிலான போட்டியில் அரையிறுதி இராஜபாளையத்தில் எங்கள் மைதானத்தில், காலையில். மறுநாள் சாயங்காலம் இறுதி ஆட்டம் ஸ்ரீவில்லிபுத்தூரில், அந்த ஊர் அணியோடு. இறுதி ஆட்டத்தைப் பார்க்கப் போலீஸ் அணிக்கு ஆள் எடுக்கிற ஒருவர் வருவதாக உறுதியான பேச்சு. பிரசாத்துக்கு அப்பா இல்லை. அம்மா பேண்டேஜ் கம்பெனியில் துணி மடிக்கப் போகிறவர். பிரசாத்துக்கு அதுதான் கடைசி வருஷம். இந்த வேலை கிடைத்தால் அம்மாவை வீட்டில் உட்கார வைப்பேன் என்று அவன் என்னிடமே பலமுறை சொல்லியிருக்கிறான்.

அரையிறுதியன்று தூறல். கோடு கரைந்துகொண்டே இருந்தது. நான் எதிரணி கோலுக்குப் பக்கத்தில், கார்னர் கொடிக்குப் பின்னால், சுண்ணாம்பு வாளியோடு உட்கார்ந்திருந்தேன். கார்னரிலிருந்து வந்த பந்து பிரசாத்துக்குப் பின்னால் விழுந்தது. அவன் கோலுக்கு முதுகைக் காட்டி நின்றான். திரும்ப நேரமில்லை. வலது குதிகாலால் பின்னுக்கு ஒரு தட்டு தட்டினான். பந்து கீப்பரின் கால்களுக்கு இடையே உருண்டு உள்ளே போனது. என் கண்ணுக்கு நேரே நடந்தது. அத்தனை வருஷம் கோடு போட்டதில் அப்படி ஒரு கோலை நான் பார்த்ததில்லை.

கோல் போட்டவன் யாரையும் பார்க்காமல் நேரே என்னிடம் ஓடி வந்து என்மேல் பாய்ந்தான். நானும் அவனும் வாளியும் உருண்டோம். எழுந்தபோது இரண்டு பேரும் வெள்ளை.

“ஏலே, ஆட வந்தியா, வெள்ளையடிக்க வந்தியா?” என்று லாரன்ஸ் சார் அங்கிருந்து கத்தினார். மைதானமே சிரித்தது. தூறலுக்குப் பயந்து யாரும் செல்போனை வெளியே எடுக்கவில்லை. அதனால் அந்தக் கோலுக்குப் படம் கிடையாது.

ஆட்டம் முடியப் போகும் நேரத்தில்தான் அது நடந்தது. உயரமான பந்துக்கு இரண்டு பேர் எழும்பினார்கள். எதிரியின் முழங்கை பிரசாத்தின் காதுக்கு மேலே பட்டது. விழுந்து கிடந்தான். லாரன்ஸ் சார் நடந்து போய்ச் சேர்வதற்குள் எழுந்து நின்று, ஒன்றுமில்லை என்று கையை ஆட்டினான். நடுவர் ஊதினார். ஆட்டம் முடிந்தது. நாங்கள் ஜெயித்தோம்.

தண்ணீர் கொடுக்கப் போனேன். பிரசாத் வாய் கொப்பளித்துவிட்டு கோபியைப் பார்த்துத் தெலுங்கில் ஏதோ கேட்டான். கோபி, “ரெண்டு ஒகட்டி, பாவா” என்றான். இரண்டுக்கு ஒன்று. இப்போதுதான் ஆடி முடித்தவன் ஸ்கோரைக் கேட்கிறான். ஆனால் அந்தச் சத்தத்தில் ஏதோ குழம்பிக்கூடக் கேட்டிருக்கலாம்.

ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனோம். ஸ்கேன் எடுத்தார்கள். ஒன்றும் இல்லை. டாக்டர் ஓய்வாக இருக்கச் சொன்னார். வாந்தி, அதிகத் தூக்கம் வந்தால் உடனே வரச் சொன்னார். நாளைக்கு ஆடலாமா என்று கோபி கேட்டதற்கு, “என்னைக் கேட்டா வேண்டாம்னுதான் சொல்வேன்” என்றார். வெளியே வந்ததும் பையன்கள், “டாக்டருக எப்பவும் அப்டித்தான்டே சொல்லுவாக. ஸ்கேன்ல ஒண்ணுமில்லன்னு ஆயிருச்சுல்ல” என்று பிரசாத்தைத் தோளில் தட்டினார்கள். மதியத்துக்குள் ஊர் முழுக்க அந்தப் பேச்சுதான். ஸ்கேனில் ஒன்றுமில்லை. ஷாஜிக்கு ஸ்கேன் எடுத்திருந்தால் என்ன வந்திருக்கும் என்று எனக்குத் தெரியாது. அதுதான் என்னைப் பயமுறுத்தியது.

மறுநாள் காலை லாரன்ஸ் சார் பிரசாத்தை விளையாட்டு அறைக்கு வரச் சொன்னார். கோபியும் கூடவே வந்து மூலையில் உட்கார்ந்து கையுறையைத் துடைத்துக்கொண்டிருந்தான். நான் பந்துகளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தேன். சார் கடிகாரத்தைக் கழற்றிப் பையில் போட்டார். பிரசாத்தை ஒற்றைக் காலில் நிற்க வைத்தார். நின்றான். விரலைக் காட்டிக் கண்ணை ஓட்டச் சொன்னார். ஓட்டினான். ஜன்னல் பக்கம் திரும்பும்போது மட்டும் முகத்தைச் சுளித்தான்.

“சரி, நேத்து மேட்ச்சச் சொல்லு. டாஸ் யாரு?”

மூலையில் கோபி கையுறையைப் பார்த்துக்கொண்டே முணுமுணுத்தான். பிரசாத், “நாமதான் சார்” என்றான்.

“எந்தப் பக்கம் எடுத்தோம்?”

மறுபடி முணுமுணுப்பு. மறுபடி சரியான பதில். சார் கண்ணை மூடியிருந்தார். நான் காற்றடிப்பதை நிறுத்தினேன்.

“கோல் எப்படி விழுந்துச்சு?”

“எடம காலு” என்றது கோபியின் குரல், பெருமூச்சு மாதிரி. இடது கால்.

“கார்னர் பந்து சார். இடது கால்ல தட்டுனேன்” என்றான் பிரசாத்.

லாரன்ஸ் சார் கண்ணைத் திறந்தார். வலது கால் என்று அவருக்குத் தெரியும். ஆனால் கோல் போட்டவனே காலை மாற்றிச் சொல்வது உண்டு. நெற்றியைச் சுருக்கினார். தப்பு எங்கிருந்து வந்தது என்பது எனக்குத்தான் தெரியும். கோபி மைதானத்தின் அந்தக் கோடியில் நின்றவன். பிரசாத் அவனைப் பார்த்தபடி நின்று தட்டியிருக்கிறான். எதிரே நிற்கிறவனின் வலது கால், பார்க்கிறவனுக்கு இடது கைப் பக்கம்தானே. கோபி கண்டது அதைத்தான். பிரசாத் தன் காலைச் சொல்லவில்லை, கோபியின் கண் கண்டதைச் சொன்னான்.

“சார்” என்றேன், “கோபிய வெளிய அனுப்பிட்டுக் கேளுங்க.”

கோபி என்னை நிமிர்ந்து பார்த்தான். அந்தப் பார்வையை இப்போதும் மறக்கவில்லை. “அண்ணே, உங்களுக்குத் தெலுங்கு தெரியுமா?” என்றான்.

“கொஞ்சம் தெரியும்டே.”

“இம்புட்டு நாளு சொல்லவே இல்ல.”

“நீங்க கேக்கல.”

அவன் வெளியே போனான். சார் நாற்காலியை இழுத்துப் பிரசாத்துக்கு நேர் எதிரே போட்டுக்கொண்டார். குரல் மாறவில்லை.

“கோல் போட்ட பொறவு எங்கலே ஓடுன?”

பிரசாத் கதவைப் பார்த்தான். கதவு மூடியிருந்தது. பிறகு சுவரைப் பார்த்தான், சாரைப் பார்த்தான். என்னைப் பார்த்தபோது அவன் முகத்தில் எந்த மாற்றமும் இல்லை. யாரோ ஒரு மார்க்கரைப் பார்ப்பது போலத்தான் பார்த்தான்.

“கோபிகிட்ட ஓடுனேன் சார்” என்றான். “அவனக் கட்டிப் பிடிச்சேன்.”

பம்பைக் கீழே வைத்தேன். எங்கள் சிரிப்பு, வாளி உருண்டது, வெள்ளையாக எழுந்து நின்றது, எதுவும் அவன் தலைக்குள் இல்லை. எடுத்துப் போட்ட மாதிரி போயிருந்தது.

லாரன்ஸ் சார் அவன் முழங்காலில் கையை வைத்தார். “நீ இன்னைக்கு ஆட வேண்டாம்லே.”

பிரசாத் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் சுலபமாக இருந்திருக்கும். என் பக்கம் திரும்பினான். “அண்ணே, நீங்க ஊரு ஊரா அலைஞ்சவுக. ஒரு வேலைக்கு எம்புட்டு அலையணும்னு உங்களுக்குத் தெரியாதா? எனக்கு வந்த ஒரே வாசலு. அத நீங்களே சாத்துதீகளே.”

ஷாஜியைப் பற்றிய பேச்சு வாய் வரை வந்தது. சொன்னால் அவன் உயிருக்கே பயந்துவிடுவானே என்று விழுங்கிக்கொண்டேன்.

அப்போதே கல்லூரிச் செயலாளரின் போன் வந்தது. சார் ஸ்பீக்கரில் போட்டார்.

“ஸ்கேன்ல ஒண்ணும் இல்லையாமே?”

“இல்ல சார்.”

“டாக்டர் ஆடவே கூடாதுன்னு எழுதிக் குடுத்திருக்காரா?”

“எழுதல சார். வேண்டாம்னு வாயால சொன்னாரு.”

“பிறகு உங்களுக்கு என்ன?”

“பயமா இருக்கு சார்.”

“அந்தப் பையன் வீட்டுல போய்ப் பேசுங்க. அவங்க ஆடட்டும்னு சொன்னா இறக்குங்க. எதிர்காலம் அவங்களுடையது” என்றார் செயலாளர். அதில் நியாயம் இல்லை என்று சொல்ல முடியாது.

சாரின் வண்டியில் நானும் அவரும் போனோம். வழியில் அவர் ஒன்றே ஒன்று கேட்டார். “அந்த அம்மா ஆடட்டும்னு சொல்லிட்டா என்ன செய்யறது, மாரி?”

“தெரியல சார்.”

“எனக்கும் தெரியல” என்றார்.

பிரசாத்தின் அம்மா கம்பெனிக்கு லீவு போட்டுவிட்டு, ஸ்ரீவில்லிபுத்தூருக்கு ஆட்டம் பார்க்கப் புறப்படத் தயாராக இருந்தார். காலையிலேயே ஆண்டாள் கோயிலுக்கு வேண்டிக்கொண்டு மஞ்சள் துணியில் காசு முடிந்து வைத்திருந்தார். சார் விஷயத்தைச் சொன்னதும் முகம் சிவந்துவிட்டது.

“ஒரு தலவலிக்கா சார் இம்புட்டு? கம்பெனில எனக்கு வராத தலவலியா? மாத்திரையப் போட்டுட்டு நிக்கலயா? அவன் நல்லாத்தான் இருக்கான். சாப்ட்டான், தூங்குனான், எந்திரிச்சான்.”

“எப்பவும் போல இருக்கானாம்மா?” என்றார் சார்.

“எப்பவும் போலத்தான். மேட்ச் நெனப்புல கொஞ்சம் கிறுக்குப் பிடிச்சு அலையறான், அம்புட்டுதான்.” சொல்லும்போதே அவருக்குச் சிரிப்பு வந்தது. “காலைல காபி குடுத்தேன். குடிச்சான். செத்த நேரம் கழிச்சு, ‘காபி இல்லையாம்மா’ங்கான். விளையாடுதானோன்னு இன்னொரு டம்ளர் குடுத்தேன். அதையும் குடிச்சுட்டு, நீங்க கூப்பிடுததுக்கு முன்னாடி மறுபடி அடுப்படிக்கு வந்து, ‘இன்னைக்குக் காபி போடலயா’ன்னு…”

நிறுத்தினார். சிரிப்பு வாயில் அப்படியே நின்றது. கண் மட்டும் மாறியது. ஒரு மனுஷியின் முகத்தில் பயம் ஏறுவதை அவ்வளவு பக்கத்தில் நான் பார்த்ததில்லை. எங்களை விட்டுவிட்டுக் கொடியில் கிடந்த ஜெர்சியைப் பார்த்தார்.

“இதுல பூரா சுண்ணாம்பு சார். எங்க போயி விழுந்தேன்னு நேத்துக் கேட்டேன். தெரியலம்மான்னான்.” குரல் இறங்கிவிட்டது. “சுண்ணாம்பு எப்படி வந்துச்சு சார்?”

“எம்மேல பாஞ்சாம்மா” என்றேன். “கோல் போட்ட சந்தோசத்துல.”

அவர் ஜெர்சியைக் கொடியிலிருந்து எடுத்துச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டார். “ஆட வேண்டாம் சார்” என்றார். “அவன்கிட்ட நான் சொன்னதாச் சொல்லாதீக.”

அன்று சாயங்காலம் ஸ்ரீவில்லிபுத்தூர் மைதானத்தில் கால் வைக்க இடமில்லை. எங்கள் ஊரிலிருந்து டவுன் பஸ்ஸிலும் பைக்கிலும் வந்தவர்களே பாதிக்கு மேல். பிரசாத் பெஞ்சில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும் சத்தம் தொடங்கியது. “ஏ மார்க்கரு, கோடு போடுதத விட்டுட்டு டீமு போடுதீயா?” என்று ஒருவன் கத்தினான். கோபி எப்படியோ எல்லாரிடமும் சொல்லியிருந்தான்.

பிரசாத்தை என் பக்கத்தில் உட்கார வைத்திருந்தார் லாரன்ஸ் சார். நான் ஆட்டம் பார்க்கவில்லை. அவனைத்தான் பார்த்தேன். எங்கள் வலைக்குள் ஒரு கோல் விழுந்தபோது எழுந்து கோட்டருகே போனான். சட்டை நுனியைப் பிடித்து இழுத்தேன். உட்கார்ந்தான். இரண்டாம் பாதியில் வெயில் சாய்ந்து எங்கள் முகத்துக்கு நேரே வந்தது. அவன் கண்ணை மூடினான். தலை மெல்லச் சாய்ந்து என் தோளில் வந்து விழுந்தது.

ஜீப்பில் உட்கார்ந்திருப்பது போலவே இருந்தது. ஐஸ் பெட்டிகூட என் காலடியில்தான் இருந்தது. கூப்பிட்டுப் பார்க்கவும் பயம். கூப்பிட்டுப் பதில் வராவிட்டால் என்ன செய்வது? அவன் கையைத் தொட்டேன். சூடாக இருந்தது. அப்போதும் நம்பவில்லை.

“பிரசாத்து” என்றேன். மறுபடி கூப்பிட்டேன்.

“வெளிச்சம் கூசுதுண்ணே” என்றான், கண்ணைத் திறக்காமல்.

எழுந்து போய் அவனுக்கு முன்னால் வெயிலை மறைத்து நின்றேன். மீதி ஆட்டம் முழுக்க மைதானத்துக்கு முதுகைக் காட்டியபடிதான் நின்றேன். “தள்ளுய்யா, மறைக்குது” என்று பெஞ்சுக்குப் பின்னாலிருந்து திட்டினார்கள். என் நிழல் அவன் முகத்தில் விழுகிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டேன். தோற்றோம் என்பது சத்தத்தை வைத்துத் தெரிந்தது.

போலீஸ் அணிக்கு ஆள் எடுக்கிறவர் வந்திருந்தார். எங்கள் அணியில் ஒருவனை எடுத்தார். கோபியை. அன்றைக்கு அத்தனை பந்துகளைத் தடுத்தான். போகும்போது என்னிடம் சொல்லிக்கொள்ளவில்லை.

பிரசாத்துக்குச் சில வாரங்கள் தலைவலியும் கண்கூச்சமும் இருந்தன. அம்மாவே விளக்கை அணைத்து வைப்பார். பிறகு சரியாகிவிட்டது. இப்போது மில்லில் மெயின்டனன்ஸில் இருக்கிறான். கல்யாணம் ஆகிவிட்டது. அம்மா இன்னும் வேலைக்குப் போகிறார். அன்றைக்கு ஆடியிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காதோ என்று கேட்டால், ஆகாமலும் இருந்திருக்கலாம். எனக்குத் தெரியாது. லாரன்ஸ் சாரும் அது தெரியாமலேதான் ஓய்வு பெற்று ஊருக்குப் போனார். வரப் போன தீங்கு வராமல் போனால் அதைக் கையில் எடுத்து யாருக்கும் காட்ட முடியாது. செல்வத்துக்கு நான் சொல்ல வந்தது அதுதான்.

எனக்கு வீட்டில் இருப்புக் கொள்ளாது. தினமும் காலையில் பழைய பஸ் ஸ்டாண்டு வரை நடந்து டீ குடிப்பேன். போன வாரம் கோபி லீவில் வந்திருந்தான். டீக்கடையில் அவனும் பிரசாத்தும் சேர்ந்து நின்றார்கள். சுற்றிலும் பிரசாத்தின் மில்லில் வேலை பார்க்கும் பையன்கள். கோபி என்னைக் கண்டதும், “வாங்கண்ணே” என்று ஒரு டீ சொன்னான். வருஷக்கணக்கில் பேசாமல் இருந்ததற்கு அதுவே போதும்.

பிரசாத் அந்தக் கோலைச் சொல்லிக்கொண்டிருந்தான். அவனுக்கு அது சலிப்பதே இல்லை. கார்னர் பந்து எப்படி வந்தது, எதிரி கீப்பர் எப்படி நின்றான், தட்டியதும் எப்படி கோபியிடம் ஓடிப் போய்க் கட்டிப் பிடித்தான். அந்தக் கோடிவரை ஓடினேன் என்று சொல்லும்போது கோபி தன் டம்ளருக்குள் பார்த்துக்கொண்டிருந்தான்.

“மாரி அண்ணன் அங்கதான் இருந்தாரு. கேட்டுப் பாருங்க” என்று பிரசாத் என் பக்கம் திரும்பினான். “எடது காலுதானண்ணே?”

கோபி நிமிர்ந்து என்னைப் பார்த்தான். அன்றைக்கு விளையாட்டு அறையில் பார்த்த பார்வை இல்லை இது.

“எடது காலுதான்” என்றேன்.

பையன்கள் கை தட்டினார்கள். பிரசாத் டம்ளரை என்னிடம் கொடுத்துவிட்டு, எப்படித் தட்டினேன் என்று காட்டுவதற்காகத் திரும்பி நின்று இடது காலைப் பின்னால் வீசினான். கோல் போட்ட வலது கால் தரையில் ஊன்றி நின்றது.